பிடரியில் தொடங்கி வலக் கண்ணுக்கு ஏறும் தலையிடி

தம்பி, நிலாவெளி வீட்டில் தலையணைமேல் மடிக்கணினியை வைத்து நாள்முழுதும் வேலை செய்வதாகவும், மாலையானால் பிடரியிலிருந்து வலக் கண்வரை தலையிடி ஏறுவதாகவும், 24 வயதில் இது மூளைக் கட்டியோ என்று அஞ்சுவதாகவும் எழுதியிருந்தீர்கள். நீங்கள் கூறும் விதம் கழுத்திலிருந்து பிறக்கும் தலையிடியையே எனக்கு நினைவூட்டுகிறது. கழுத்தின் மேல் மூன்று நரம்புகளும், முகத்தின் உணர்வைச் சுமக்கும் முக்கிளை நரம்பும் ஒரே இடத்தில் சந்திப்பதால், பிடரித் தசையின் நோவை மூளை கண்ணுக்குப் பின்னால் இருப்பதாக உணர்கிறது. ஆயினும் ஒற்றைத் தலைவலியிலும் கழுத்து நோகும் என்பதால், வெளிச்சம் கூசுகிறதா, குமட்டுகிறதா என்று கவனித்து வைத்தியரிடம் சொல்லுங்கள்.

எனக்கும் இதே நோ இருந்தது. உவர்மலை வீட்டில் நான் பழைய ட்ரங்குப் பெட்டியின்மேல் கணினியைக் கண்மட்டத்துக்கு உயர்த்தி, தனி விசைப்பலகை வாங்கி, அரைமணிக்கொருமுறை எழுந்து, நாடியை (மோவாயை) மெல்லப் பின்னிழுத்து ஐந்து விநாடி நிறுத்தும் பயிற்சியைச் செய்தபின், சில வாரங்களில் நோ தணிந்தது. இயன்மருத்துவரிடம் (பிசியோதெரபிஸ்ட்) ஒருமுறை காட்டுங்கள். கழுத்தை நெட்டி முறிக்க யாரிடமும் கொடுக்காதீர்கள்.

நீங்கள் நாள்தோறும் பனடோல் (பரசிட்டமோல் வலி மாத்திரை) போடுவதுதான் எனக்குக் கவலை. மாதத்தில் 15 நாள்களோ அதற்கு மேலோ என மூன்று மாதங்களுக்கு மேல் எடுத்துவந்தால், அம்மாத்திரையே தலையிடியை வளர்க்கக்கூடும். காய்ச்சலுடன் கழுத்து விறைத்தாலோ, திடீரென இடி விழுந்ததுபோல் வலித்தாலோ, கைகால் மரத்தாலோ, பேச்சுக் குழறினாலோ உடனே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள்.