ஹேவ்லாக்கில் ஆறு நாள்: ஸ்கூபா கற்க அது போதுமா?

ஈரோட்டிலிருந்து 36 வயது வாசகர் ஒருவர் கேட்கிறார்: “பிப்ரவரியில் ஆறு நாள் அந்தமான் போகிறோம். ஆறாம் நாள் மதியம் சென்னைக்குத் திரும்பும் விமானம். ஹேவ்லாக்கில் ஸ்கூபா கோர்ஸ் முடிக்க முடியுமா, இல்லை ஒரே ஒரு டைவோடு நிறுத்திக்கொள்ளட்டுமா? நீச்சல் சுமாராகத்தான் வரும். சின்ன வயதில் வீசிங் இருந்தது.”

முடிக்கலாம். ஆனால் பாதி வேலையை ஈரோட்டிலேயே முடித்துவிட வேண்டும்.

முதலில் அந்த வீசிங். பயிற்சி தொடங்கும் முன் மருத்துவக் கேள்வித்தாள் ஒன்று தருவார்கள். ஆஸ்துமா, வலிப்பு, இதயக் கோளாறு, காது அறுவை சிகிச்சை எல்லாம் அதில் வரும். ‘ஆம்’ என்று குறித்தால் டாக்டர் கையெழுத்து இல்லாமல் கடலில் இறக்க மாட்டார்கள். தீவுக்குப் போனபின் டாக்டரைத் தேடினால் ஒரு நாள் போய்விடும் என்ற பயத்தில் பலர் ‘இல்லை’ என்று குறித்துவிடுகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 10 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல இரண்டு மடங்கு. அங்கே முதுகில் சுமக்கும் சிலிண்டரிலிருந்து வந்து நுரையீரலை நிரப்பும் காற்று, நீங்கள் மேலே வரும்போது இரண்டு மடங்காக விரியப் பார்க்கும். மூச்சுக்குழல் சுருங்கி அந்தக் காற்று வெளியேற வழியில்லாமல் போனால் நுரையீரலே கிழியலாம். மூச்சை ஒருபோதும் அடக்காதே என்பது இந்தக் கலையின் முதல் பாடமாக இருப்பதும் இதனால்தான். நுரையீரல் நிபுணரை இப்போதே பாருங்கள். அவர் வேண்டாம் என்றால் வேண்டாம்தான்.

அடுத்து நீச்சல். ‘நீச்சல் தெரியாதவர்களும் டைவ் செய்யலாம்’ என்ற விளம்பரம், பயிற்றுநர் உங்களைப் பிடித்தபடியே கூட்டிப்போகும் ஒரு முறை டைவுக்கு மட்டும்தான் பொருந்தும். நீங்கள் கேட்கும் கோர்ஸ், அதாவது ‘ஓப்பன் வாட்டர்’ என்ற முதல் நிலைச் சான்றிதழ் பயிற்சிக்கு, நிற்காமல் 200 மீட்டர் நீந்தவும், 10 நிமிடம் மிதக்கவும் தெரிய வேண்டும். நேரக் கெடு கிடையாது, எந்த ஸ்டைலிலும் நீந்தலாம். பக்கத்தில் உள்ள நீச்சல் குளத்தில் இரண்டு மாதம் ஒழுங்காகப் போனால் பெரும்பாலோருக்கு இது வந்துவிடும்.

பாடங்களை ஆன்லைனிலேயே படித்துவிடலாம். அறையில் உட்கார்ந்து வீடியோ பார்க்கவா அந்தமான் போகிறோம்? சென்னையிலும் புதுச்சேரியிலும் டைவிங் பள்ளிகள் இருக்கின்றன. வகுப்பையும் குளப் பயிற்சியையும் அங்கே முடித்து, கடல் டைவ்களை மட்டும் ஹேவ்லாக்கில் செய்யவும் வழி உண்டு.

இனி நாள் கணக்கு. முதல் நாள் போர்ட் பிளேர் (இப்போதைய பெயர் ஸ்ரீ விஜயபுரம்) போய் கப்பலில் ஹேவ்லாக் தீவு (இப்போது ஸ்வராஜ் தீப்). இரண்டாம் நாள் ஆழமில்லாத நீரில் பயிற்சி. மூன்றாம் நாள் இரண்டு, நான்காம் நாள் இரண்டு என நான்கு டைவ்கள், ஆழம் அதிகபட்சம் 18 மீட்டர். ஐந்தாம் நாளைக் காலியாக விடுங்கள். காற்று அடித்தாலோ காது அடைத்தாலோ அது கைகொடுக்கும். பல டைவ்கள் செய்தபின் விமானம் ஏற குறைந்தது 18 மணி நேர இடைவெளி வேண்டும். ஐந்தாம் நாள் காலையில் ஒரு டைவ் மிச்சமிருந்தாலும், முடித்துவிட்டு அன்றே போர்ட் பிளேர் திரும்பினால் கணக்கு சரியாக வரும். ஆறாம் நாள் கடலில் இறங்கவே கூடாது.

பதிவு செய்யும் முன் ஒரு பயிற்றுநருக்கு எத்தனை மாணவர்கள் என்று கேளுங்கள். எட்டுப் பேர் வரை விதி அனுமதிக்கிறது. நான் நான்குக்கு மேல் இருந்தால் வேறு பள்ளி பார்ப்பேன்.

சரி, காது. வலி வந்தபின் மூக்கைப் பிடித்து ஊதுவதுதான் புதியவர்கள் எல்லோரும் செய்யும் தவறு. காதுக்குள் இருக்கும் காற்று வேகமாகச் சுருங்குவது முதல் சில மீட்டர்களில்தான். அதனால் தலை தண்ணீருக்குள் போனதுமே தொடங்கி, அரை மீட்டருக்கு ஒரு முறை மெதுவாக ஊதுங்கள். அடைப்பு விடவில்லையா, கொஞ்சம் மேலே ஏறி மறுபடி முயலுங்கள். சளி பிடித்திருந்தால் மாத்திரை போட்டுக்கொண்டு இறங்காதீர்கள். அடியில் மருந்தின் வேகம் குறைந்தால் ஏறும்போது காதில் காற்று சிக்கிக்கொள்ளும்.

இன்னொன்று: நீருக்கடியில் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினால் ‘நன்றாக இருக்கிறேன்’ என்று பொருள் இல்லை, ‘மேலே போகலாம்’ என்று பொருள். நலம் என்று சொல்ல ஆள்காட்டி விரலையும் கட்டைவிரலையும் வட்டமாகச் சேர்த்துக் காட்டுங்கள்.