லூப்பர் வாங்குமுன் நிறுத்தும் சுவிட்சைப் பாருங்கள்

பாளையங்கோட்டை வாசகர் ஒருவரின் கேள்வி: செமி அக்கூஸ்டிக் கிட்டாரில் தனியாக வாசிக்கிறேன். கிறிஸ்தவக் கோயில் ஆராதனையிலும் கல்யாண வரவேற்பிலும் ரிதம், பேஸ், லீட் மூன்றையும் அடுக்கி வாசிக்க எந்த லூப்பர் பெடல் வாங்கலாம்?

லூப்பர் என்பது, வாசித்ததைப் பதிவு செய்து திரும்பத் திரும்ப ஒலிக்கவிடும் கால்மிதிப் பெடல். எத்தனை நிமிடம் பதிவாகும் என்பதை வைத்து முடிவெடுக்காதீர்கள். நிமிடத்துக்கு 80 பீட் வேகத்தில், நாலு பீட் கொண்ட 8 பார் (தாளச் சுற்று) வெறும் 24 விநாடி. டிசி எலக்ட்ரானிக் டிட்டோ என்ற லூப்பரின் 5 நிமிடமே தாராளம். பாஸ் ஆர்சி-1 என்ற லூப்பர் கொடுப்பது 12 நிமிடம்.

கவனிக்க வேண்டியது, லூப்பை எப்படி நிறுத்துவது என்பதைத்தான். இந்த இரண்டிலும் ஒரே சுவிட்ச். முதல் மிதியில் பதிவு, அடுத்ததில் சுழற்சி, அதற்கடுத்ததில் மேலடுக்கு. நிறுத்த, அடுத்தடுத்து இரண்டு மிதி. இரண்டாவது மிதி பீட்டில் விழ வேண்டுமென்றால் முதல் மிதியைச் சற்று முன்பே போட வேண்டும். பலர் முதல் மிதியையே பீட்டில் போடுவதால், பாட்டு முடிந்த பின்னும் ஒரு கார்டு துருத்திக்கொண்டு கேட்கும். ஆர்சி-1இல் எஃப்எஸ்-5யு வெளி சுவிட்சை மாட்டி, ஒரே மிதியில் நிறுத்தலாம். வரவேற்பு மேடைக்கு இந்த ஜோடியையே வாங்கச் சொல்வேன்.

ஒன்று மட்டும் யோசியுங்கள்: ஒற்றை டிராக் லூப்பரில் எல்லா அடுக்கும் ஒன்றாகக் கலந்துவிடும், அன்டூ செய்தால் (பதிவை நீக்கினால்) கடைசி அடுக்கு மட்டுமே போகும். பல்லவிக்கும் சரணத்துக்கும் கார்டுகள் வேறு என்றால் இரண்டு டிராக் உள்ள பாஸ் ஆர்சி-500 லூப்பர் தேவைப்படும்.

லூப் தடுக்குவதற்குக் காரணம் பெரும்பாலும் பெடல் அல்ல, கால். எட்டாவது பாரின் கடைசி பீட்டில் மிதிக்கக் கூடாது. ஒன்பதாவது பாரின் முதல் பீட்டில் மிதிக்க வேண்டும். அந்தப் பீட்டிலும் கை நிற்காமல் வாசித்தபடி இருந்தால் ஒட்டு தெரியாது.

அடுக்கும்போது ஒரே இடத்தில் மூன்று முறை ஸ்ட்ரம் செய்தால் சத்தம் குழம்பும். முதலில் தடித்த இரண்டு கம்பிகளில் பேஸ். அடுத்து ஜி சுருதியின் ஓப்பன் கார்டுகளை மெதுவாக. மூன்றாவதாக ஐந்தாம் ஃபிரெட்டில் கேப்போ (கம்பிகளை அழுத்தும் கிளிப்) போட்டு டி வடிவத்தில் ஆர்பெஜியோ, அதாவது கார்டின் சுரங்களை ஒவ்வொன்றாக: சுருதி அதே ஜி, ஒலி மட்டும் மேலே விலகி நிற்கும். உயர்ந்த கூரையுள்ள பழைய கோயில்களில் எதிரொலி அதிகம். அங்கே இரண்டு அடுக்கே போதும்.

ஒலியைக் கரகரப்பாக்கும் டிஸ்டார்ஷன் பெடல் இருந்தால் அதற்குப் பின்னால் லூப்பரை வையுங்கள். முன்னால் வைத்தால் எல்லா அடுக்கும் சேர்ந்து அதற்குள் போய்க் கரகரக்கும். மிக்ஸர் தூரத்தில் இருந்தால் டிஐ பாக்ஸ் (நீண்ட கேபிளில் இரைச்சலில்லாமல் கிட்டார் ஒலியை மிக்ஸருக்கு அனுப்பும் பெட்டி) அவசியம். டிட்டோவில் பேட்டரி போட முடியாது. 9 வோல்ட், நடுமுனை நெகட்டிவ், குறைந்தது 100 மில்லிஆம்பியர் அடாப்டர் வேண்டும். ஒரே அடாப்டரைப் பல பெடல்களுக்குப் பிரித்தால் கீச்சொலி வரலாம். லூப்பருக்குத் தனி அடாப்டர் கொடுங்கள்.

சபையார் சேர்ந்து பாடும் பாமாலைக்கு மட்டும் லூப்பர் வேண்டாம். வரி முடிவில் சபை நீட்டிப் பாடும், லூப் காத்திருக்காது. காணிக்கை நேரத்தில் கருவியிசையாகக் கீர்த்தனை வாசிக்கப் பயன்படுத்துங்கள். வரவேற்பில் தபலாவோ பேடோ (எலக்ட்ரானிக் டிரம்) வாசிப்பவர் கூட இருந்தால், லூப்பை அவர் பக்கத்து மானிட்டர் ஸ்பீக்கரில் உரக்கக் கொடுக்கச் சொல்லுங்கள். அவருக்குக் கேட்காவிட்டால் சில பார்களிலேயே தாளம் விலகிவிடும். அப்போது லூப்பை நிறுத்துவதைத் தவிர வழியில்லை.