தீயலுக்குப் பிறகு வாந்தி

கேள்வி: குலசேகரம் பக்கம் எங்கள் விளையில் பட்டுப்போன பலாமரத்தில், ஆடிச் சாரலுக்குப் பின் வெள்ளைச் சிப்பிக் காளான் முளைத்தது. தீயல் (வறுத்த தேங்காயும் புளியும் சேர்த்த குழம்பு) வைத்தோம். இரண்டு மணி நேரத்தில் எனக்கு மட்டும் வயிற்றுவலி, வாந்தி, மறுநாள் சரியாகிவிட்டது. அது விஷக் காளானா? சிறுநீரகம் பாதித்து, ரத்தத்தில் கிரியாட்டினின் 2.1 உள்ள மாமனாருக்கு இதைக் கொடுக்கலாமா?

பதில்: எத்தனை மணி நேரத்தில் வாந்தி வந்தது என்பதுதான் இதில் முக்கியம், நல்லவேளை அதை எழுதியிருக்கிறீர்கள். மூன்று மணி நேரத்துக்குள் வருவது பெரும்பாலும் குடலோடு நின்று, ஒரு நாளில் அடங்கிவிடும். ஆறு மணி நேரத்துக்கு மேல் கழித்துத் தொடங்கினால் இன்னும் அதிகம் பயப்பட வேண்டும். கல்லீரலை அழிக்கும் அமடாக்சின் என்ற காளான் விஷம் அப்படித்தான் தாமதமாக வேலையைக் காட்டும். எவ்வளவு கொதிக்கவைத்தாலும் அது போகாது. இரண்டாம் நாள் வயிறு தெளிந்து எல்லாம் சரியானதுபோல் இருக்கும், கல்லீரல் உள்ளே கெட்டுக்கொண்டிருக்கும். அப்படித் தாமதமாக வாந்தி தொடங்கினாலே உடனே 108-ஐ அழைத்து ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மிச்சக் காளானைக் காகிதத்தில் பொதிந்து எடுத்துப் போங்கள். பாலித்தீன் பையில் அழுகிவிடும். பல இடத்துக் காளான்களைக் கலந்து சமைத்திருந்தால் சீக்கிரம் வந்த வாந்தியையும் நம்பக்கூடாது, கல்லீரல் பாதிப்பைக் காட்டும் எஸ்.ஜி.பி.டி. ரத்தப் பரிசோதனை பார்த்துவிடுவது நல்லது.

ஒரே சட்டித் தீயல் மற்றவர்களுக்கு ஒத்துக்கொண்டதால், சரியாக வேகாத துண்டோ முற்றிய காளானோ உங்களுக்கு வந்திருக்கலாம். சிப்பிக் காளானில் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கும் புரதம் ஒன்று உண்டு. நன்கு வேகவைத்தால் செயலிழந்துவிடும். புளி கொதித்த பிறகு போட்டு ஒரு கொதியில் இறக்காமல், முதலிலேயே நறுக்கி 15 நிமிடம் வேகவிடுங்கள். ஓரம் மஞ்சளித்தது, புழு வைத்தது, மணம் மாறியது வேண்டாம்.

'மரத்தில் முளைத்தது விஷமில்லை' என்பது தவறு. வெள்ளிக் கரண்டி, மஞ்சள், பூண்டு கறுக்கிறதா என்ற சோதனைகளும் பயனற்றவை. சிப்பிக் காளான் குடையின் அடியில் உள்ள மெல்லிய மடிப்புகள் பக்கவாட்டுக் குட்டைக் காம்புவரை இறங்கும். காம்பில் வளையம் இராது. குடையைக் கறுப்புத் தாளில் இரவு முழுக்கக் கவிழ்த்து வைத்தால் வெள்ளையாகவோ வெளிர் ஊதாவாகவோ பொடி படியும். பழுப்புப் பொடி விழுந்தால் தூர எறியுங்கள். வெள்ளைப் பொடி மட்டும் பார்த்துச் சாப்பிட்டுவிடாதீர்கள், கொடிய விஷக் காளான்கள் சிலவற்றுக்கும் வெள்ளைப் பொடிதான்.

மாமனாருக்குக் காட்டுக் காளான் வேண்டவே வேண்டாம். 2004-இல் ஜப்பானில், ஊசியிலை மரக்கட்டையில் முளைக்கும் வெள்ளைக் காளானை உண்ட சிறுநீரக நோயாளிகள் பலர் மூளை பாதித்து இறந்தார்கள். அதுவரை அங்கே அது வழக்கமாகச் சாப்பிட்ட காளான். கடையில் விற்கும் வளர்ப்புச் சிப்பிக் காளானிலும் 100 கிராமுக்கு ஏறத்தாழ 400 மில்லிகிராம் பொட்டாசியம் இருக்கிறது; சிறுநீரகம் பழுதானால் அது ரத்தத்தில் தேங்கிவிடும். ரத்தப் பொட்டாசியம் 5-க்குக் கீழ் இருந்தால், அவருடைய சிறுநீரக மருத்துவரைக் கேட்டுக்கொண்டு, 50 கிராமை வேகவைத்து, நீரை வடித்துக் கொட்டிவிட்டுக் கொடுங்கள். தேங்காயும் புளியும் நிறையச் சேரும் தீயலாக வேண்டாம். அவற்றிலும் பொட்டாசியம் உண்டு.