ஜார்ஜ் வாஷிங்டனைத் தவிர, சுதந்திரத்துக்கு முந்தைய அமெரிக்காவின் எந்தப் படை அதிகாரியைப் பற்றித் தெரிந்துகொள்ளலாம்?

கர்னல் எப்ராயிம் வில்லியம்ஸ் என்பேன். பெரிய வெற்றி எதுவும் அவர் பேரில் இல்லை. படையை நடத்திக்கொண்டு போன முக்கியமான சண்டையில், அது தொடங்கிய கொஞ்ச நேரத்திலேயே இறந்துபோனார். ஆனால் அதற்கு 48 நாள் முன்பு அவர் எழுதிவைத்த உயிலின் கதை யாழ்ப்பாணத்தில் இருக்கும் எங்கள் வட்டுக்கோட்டை வரைக்கும் வருகிறது.

1715இல் பாஸ்டனுக்குப் பக்கத்தில் நியூட்டனில் பிறந்தவர். சிறு வயதிலேயே தாயை இழந்து, தாய்வழித் தாத்தாவிடம் வளர்ந்தார். வாலிபத்தில் சில காலம் கப்பலில் திரிந்தார். அப்புறம் மாசசூசெட்ஸின் மேற்குக் கோடியில் ஸ்டாக்பிரிட்ஜ் என்ற ஊருக்குத் தன் அப்பாவின் குடும்பத்தோடு வந்து சேர்ந்தார். மொஹிகன் பழங்குடிகளுக்காக ஏற்படுத்திய ஊர் அது. அவர்களுக்கு முன்மாதிரியாக வாழ்ந்து காட்டட்டும் என்று குடிவைத்த நாலு வெள்ளைக் குடும்பங்களில் இவர்களும் ஒன்று. கொஞ்ச காலத்திலேயே அந்த மக்களின் நிலம் கைமாறத் தொடங்கியது. அதில் வில்லியம்ஸ் குடும்பத்தின் பங்கு பெரிது. இதை விட்டுவிட்டு அவரைப் புகழ என்னால் முடியாது.

1740களில் ஆங்கிலேயருக்கும் பிரெஞ்சுக்காரருக்கும் சண்டை மூண்டபோது, எல்லையோரக் கோட்டைகளின் பொறுப்பு அவரிடம் வந்தது. முக்கியமானது மாசசூசெட்ஸ் கோட்டை. 1746இல் அவர் வெளியே போயிருந்த சமயம் பார்த்து எதிரிகள் அதைப் பிடித்து எரித்தார்கள். திரும்பக் கட்டியபின் மறுபடியும் அவர்தான் தலைமை. கோட்டைக்கு மேற்கே இருந்த காட்டு நிலத்தில் அவருடைய சிப்பாய்கள் பலர் மனை எடுத்தார்கள், அவரும் எடுத்தார். இந்த இடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

1755இல் பிரெஞ்சுக்காரரின் கிரவுன் பாயிண்ட் கோட்டையைப் பிடிக்க ஒரு படை வடக்கே கிளம்பியது. அதில் ஒரு ரெஜிமெண்டுக்குக் கர்னலாக அவர் போனார். வழியில் ஆல்பனியில், ஜூலை 22ஆம் தேதி, உட்கார்ந்து உயில் எழுதினார். கல்யாணம் ஆகாதவர். உறவினருக்குக் கொடுத்தது போக மீதிச் சொத்தில், கோட்டைக்கு மேற்கே இருக்கும் அந்தக் குடியிருப்பில் ஒரு இலவசப் பள்ளிக்கூடம் நடத்த வேண்டும் என்றார். இரண்டு நிபந்தனை போட்டார். எல்லைத் தகராறில் அந்த இடம் நியூயார்க் பக்கம் போய்விடாமல் மாசசூசெட்ஸிலேயே இருக்க வேண்டும். ஊருக்கு வில்லியம்ஸ்டவுன் என்று பெயர் வைக்க வேண்டும்.

அதே உயிலில், ஸ்டாக்பிரிட்ஜ் வீட்டையும் ஆடுமாடுகளையும் எழுதிவைக்கிற இடத்தில், அங்கே இருந்த கறுப்பின அடிமைகளையும் சேர்த்தே எழுதியிருக்கிறார். பள்ளிக்கூடம் வேண்டும் என்று எழுதிய அதே கைதான். படிக்கும்போது நெஞ்சு கனக்கிறது.

செப்டம்பர் 8 காலை. ஜார்ஜ் ஏரிக் கரையில் முகாம். பிரெஞ்சுப் படை தெற்கே இருந்த கோட்டையைத் தாக்கப் போகிறது என்று தகவல் வந்தது. தளபதி வில்லியம் ஜான்சன் சுமார் 1,000 சிப்பாய்களை வில்லியம்ஸின் கீழும், ஆங்கிலேயர் பக்கம் நின்ற மோஹாக் பழங்குடி வீரர்கள் சுமார் 200 பேரை அவர்களுடைய தலைவர் ஹென்ட்ரிக்கின் கீழும் அனுப்பினார். ஹென்ட்ரிக் வயதானவர், குதிரையில்தான் வந்தார். "சண்டை போட இவ்வளவு ஆட்கள் போதாது, சாகிறதற்கு இது அதிகம்" என்று கிளம்பும் முன்பே அவர் சொன்னதாகச் செவிவழிக் கதை உண்டு. காட்டுப் பாதை, இரண்டு பக்கமும் மேடு. வில்லியம்ஸ் முன்னால் வேவு பார்க்க ஆள் அனுப்பவில்லை. இத்தனை வருஷம் எல்லையில் இருந்தவர் செய்யக் கூடாத பிழை அது. மேட்டில் பிரெஞ்சுத் தளபதி டீஸ்காவின் ஆட்கள் பதுங்கியிருந்தார்கள். ஹென்ட்ரிக் விழுந்தார். ஆட்களைத் திரட்ட மேட்டில் ஏறிய வில்லியம்ஸ், ஒரு பாறைக்குப் பக்கத்தில் தலையில் குண்டடிபட்டு இறந்தார். வயது 40. உடல் எதிரி கையில் சிக்கக் கூடாதென்று கூட இருந்தவர்கள் அதை மறைத்தார்கள். மிஞ்சியவர்கள் முகாமுக்கு ஓடினார்கள். அன்றைக்கே முகாமைத் தாக்கிய டீஸ்கா தோற்றுப் பிடிபட்டார்.

உயில் உடனே நிறைவேறவில்லை. 1765இல்தான் ஊருக்கு வில்லியம்ஸ்டவுன் என்ற பெயர் வந்தது. பணம் போதாமல் லாட்டரி நடத்திக் கட்டடம் எழுப்பி, 1791இல் பள்ளியைத் திறந்தார்கள். இரண்டே வருஷத்தில் அது வில்லியம்ஸ் கல்லூரி ஆனது. 1920இல் அவருடைய எச்சங்களைக் கல்லூரித் தேவாலயத்துக்குக் கொண்டுவந்தார்கள். அங்கே படிப்பவர்கள் இன்றைக்கும் தங்களை 'எஃப்ஸ்' என்கிறார்கள், எப்ராயிமின் சுருக்கம்.

சரி, வட்டுக்கோட்டை எங்கே வருகிறது? 1806 ஆகஸ்டில் அந்தக் கல்லூரி மாணவர் ஐந்து பேர் வெளியில் ஜெபம் பண்ணப் போனபோது இடியும் மழையும் பிடித்துக்கொண்டது. ஒரு வைக்கோற்போரடியில் ஒதுங்கினார்கள். கடல்கடந்து ஊழியம் செய்வது என்று அங்கே எடுத்த முடிவிலிருந்துதான் 1810இல் அமெரிக்கன் மிஷன் சங்கம் பிறந்தது. அந்த ஐவரில் ஒருவர் ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ். 1816இல் இலங்கைக்கு வந்த முதல் அமெரிக்கக் குழுவில் அவரும் இருந்தார். அந்த மிஷன் 1823இல் வட்டுக்கோட்டையில் செமினரி என்ற உயர்கல்விக்கூடத்தைத் தொடங்கியது. சி.வை. தாமோதரம்பிள்ளை அங்கே படித்தவர்தான். சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளில் ஒருவர், பின்னாளில் ஏடுகளிலிருந்து கலித்தொகையை அச்சுக்குக் கொண்டுவந்தவர். செமினரியின் வழிவந்த யாழ்ப்பாணக் கல்லூரியில் என் அம்மப்பா படித்தார்.

ரொறன்ரோவிலிருந்து காரில் ஒருமுறை அம்மாவையும் கூட்டிக்கொண்டு ஜார்ஜ் ஏரிக்குப் போனேன். ஏரிக்குத் தெற்கே போகிற நெடுஞ்சாலையை ஒட்டி, ஒரு பெரிய பாறை மேல் 1854இல் கல்லூரியின் பழைய மாணவர்கள் வைத்த தூண் நிற்கிறது. அம்மா கதை முழுவதையும் கேட்டுவிட்டு, "இந்த மனுசனுக்கு எங்கட ஊர் எண்டு ஒண்டு இருக்கிறதே தெரிஞ்சிருக்காது, என்ன?" என்றார். பிறகு, "அந்த ரிச்சர்ட்ஸ் திரும்பிப் போனவரோ?" என்று கேட்டார்.

இல்லை, 1822இல் தெல்லிப்பழையிலேயே இறந்தார் என்றேன். அம்மா பிறந்தது தெல்லிப்பழையில்.