லட்சத்தீவில் ஒரு பகல்: எதை வாங்குவது, எதைத் தொடக்கூடாது?

கேள்வி: கொச்சியிலிருந்து கவரத்தி, கல்பேனி, மினிக்காய் போய்வரும் 'சமுத்திரம்' கப்பல் பேக்கேஜில் குடும்பத்தோடு போக எண்ணம். பகலில் தீவு, இரவில் கப்பல் என்கிறார்கள். ஸ்நார்க்கல் செட் (கடலுக்குள் பார்க்க உதவும் கண்ணாடி மாஸ்க்கும் மூச்சுக் குழாயும்) சொந்தமாக வாங்க வேண்டுமா? தீவில் வாங்கிவர என்ன இருக்கிறது?

பதில்: செட் முழுவதும் வேண்டாம், மாஸ்க் மட்டும் வாங்குங்கள். பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டி நின்றால் அளவு சரி. மீசைக்காரர்களுக்கு மீசைப் பக்கம்தான் தண்ணீர் கசியும். மீசையில் கொஞ்சம் வாசலின் தடவினால் கசிவு குறையும். புது மாஸ்க்கின் கண்ணாடியில் மெல்லிய படலம் இருக்கும். வீட்டிலேயே டூத்பேஸ்ட் போட்டுத் தேய்த்துக் கழுவாவிட்டால் கடலில் இறங்கியதும் பனி மூடியதுபோல் ஆகிவிடும்.

தண்ணீரில் போடும் ஷூ ஆளுக்கு ஒரு ஜோடி கட்டாயம். ரப்பர் செருப்பு மணலில் போதும், பவளத்தில் வழுக்கும். ஷூ நனைந்தால் தளரும் என்பதால் காலைக் கவ்வுகிற அளவாகப் பாருங்கள். பவளம் கீறிய காயத்தில் பொடித் துகள் தங்கிச் சீழ் வைக்கும். நல்ல தண்ணீரும் சோப்பும் போட்டு உடனே தேய்த்துக் கழுவ வேண்டும். முதுகு வெந்துபோகாமல் இருக்க, சன்ஸ்கிரீனைவிட முழுக்கை நீச்சல் சட்டை மேல். கிரீம் வேண்டுமென்றால் பவளத்துக்குக் கெடுதி எனப்படும் ஆக்ஸிபென்சோன் இல்லாத, ஜிங்க் ஆக்சைடு உள்ளதை எடுங்கள்.

தீவில் வாங்கத் தக்கது மினிக்காய் மாசி. சூரை மீனை வேகவைத்து, புகைபோட்டு, காயவைத்தது. நகம் பதிந்தால் ஈரம் போகவில்லை, பூஞ்சை பிடிக்கும். கட்டைபோல் இறுகியிருப்பதை வாங்கிக் காற்றுப் புகாத டப்பாவில் வையுங்கள். இல்லையேல் கேபின் முழுக்க மணக்கும், அது எல்லோருக்கும் பிடிக்காது! பவளத்துண்டு மட்டும் வேண்டவே வேண்டாம். கரையில் செத்து ஒதுங்கியதானாலும் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம்.

கேள்வி: அலை அதிகமாகி ஒரு தீவில் இறங்க முடியாவிட்டால் பணம் திரும்புமா?

பதில்: கப்பல் பெரும்பாலும் பவளத்திட்டுக்கு வெளியே நிற்கும், ஆட்களைப் படகில் இறக்குவார்கள். அலை எழுந்தால் இறக்கமாட்டார்கள், அது சரியும்கூட. அப்படி நேர்ந்தால் எவ்வளவு திரும்பும், நீர் விளையாட்டில் எது கட்டணத்தில் சேர்ந்தது, எது தனி என்று முன்பணம் கட்டும் முன்பே மின்னஞ்சலில் கேட்டுப் பதிலை வாங்கி வையுங்கள். வாய்மொழி உறுதி தகராறில் நிற்காது. தீவுக்குள் நுழைய அனுமதிச் சீட்டும் வேண்டும். அது கைக்கு வராமல் கொச்சிக்கு ரயில் டிக்கெட் போடாதீர்கள்.