கை மட்டும்தான் கணக்கில் வந்ததா?

கேள்வி: என் கணவருக்கு வயது 41. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கட்டிங் மாஸ்டராக இருந்தார். இரண்டரை வருடத்துக்கு முன்னால் நைட் ஷிஃப்ட் முடிந்து பைக்கில் வீட்டுக்கு வரும்போது விபத்து. தலையில் ஆபரேஷன் செய்தார்கள். இப்போது நடக்கிறார், பேசுகிறார். இடது கையில் மட்டும் பலம் குறைவு. ஆனால் சொன்னது எதுவும் மனதில் நிற்பதில்லை, தொட்டதற்கெல்லாம் கோபம். இரண்டு கம்பெனியில் சேர்த்துவிட்டும் ஒரு வாரம் தாங்கவில்லை. முகாமில் 30 சதவீத ஊனம் என்று எழுதிவிட்டார்கள். 40 இருந்தால்தான் அரசு உதவியாம். வேறு வழி உண்டா டாக்டர்?

பதில்: வழி இருக்கிறது, சகோதரி. அந்த 30 சதவீதம் அவருடைய கைக்குப் போட்ட கணக்கு. அவரை வேலைக்குப் போக விடாமல் வைத்திருக்கும் மறதியையும் கோபத்தையும் யாரும் அளக்கவே இல்லை என்றுதான் உங்கள் கடிதத்தைப் படித்தால் தெரிகிறது.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016 மொத்தம் 21 வகைக் குறைபாடுகளைச் சொல்கிறது. ‘தலைக்காயம்’ என்று அதில் தனித் தலைப்பு கிடையாது. அதனால் காயம் எதையெல்லாம் கெடுத்திருக்கிறதோ, அந்தந்தத் தலைப்பில் விண்ணப்பிக்க வேண்டும். கை கால் இயக்கம் ஒன்று. பேச்சு வராமல் போயிருந்தால் பேச்சு, மொழிக் குறைபாடு இன்னொன்று. உங்கள் கணவருக்குப் பொருந்தக்கூடியது மனநோய் என்ற தலைப்பு. அந்தச் சொல்லைக் கேட்டுப் பதற வேண்டாம். சிந்தனை, மனநிலை, நினைவாற்றல் போன்றவை கெட்டு, அன்றாட வாழ்க்கையைச் சமாளிக்க முடியாமல் போவதைத்தான் சட்டம் அப்படிச் சொல்கிறது. இந்தச் சான்றிதழ் ஒன்றைக் காட்டி அவருடைய சட்ட உரிமைகளை யாரும் பறித்துவிட முடியாது.

இதை அளக்க ‘ஐடியாஸ்’ என்ற அளவுகோல் இருக்கிறது. தன்னைக் கவனித்துக்கொள்வது, மற்றவர்களோடு பழகுவது, பேச்சும் புரிதலும், வேலை ஆகிய நான்கையும் பார்த்து மதிப்பெண் போடுவார்கள். பாதிப்பு குறைந்தது இரண்டு வருடம் நீடித்திருக்க வேண்டும். உங்களுக்கு அது தாண்டிவிட்டது. ஒன்றுக்கு மேற்பட்ட குறைபாடு இருந்தால் சதவீதங்களை அப்படியே கூட்டுவதில்லை, அதற்கு ஒரு சூத்திரம் உண்டு. கைக்கு 30, இன்னொன்றுக்கு 20 என்று வைத்துக்கொண்டால், கணக்கு 43-க்கு வரும். அதாவது 40-ஐத் தாண்டிவிடும்.

மதிப்பீட்டுக்குப் போகும்போது அவரைத் தனியாக உள்ளே அனுப்பாதீர்கள். மூளையின் முன்பகுதியில் அடிபட்டவர்கள் பலருக்குத் தங்கள் குறை தங்களுக்கே தெரிவதில்லை. டாக்டர் கேட்டால் “நல்லா இருக்கேன் சார், வேலைக்குப் போறேன்” என்பார். ஐந்து நிமிடம் பேசிப் பார்க்கிறவருக்கு அது உண்மையாகவே தோன்றும். நீங்கள் கூட இருந்து, வீட்டில் நடப்பதைச் சொல்ல வேண்டும். அடுப்பில் பாலை வைத்துவிட்டு வெளியே போனது, கட்டிங் டேபிளில் சைஸ் மாற்றி வெட்டியது, ஒரே கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்பது... இப்படி இரண்டு வாரத்துக்குத் தேதி போட்டு ஒரு நோட்டில் எழுதிக்கொண்டு போங்கள். அதற்கு முன்பே மனநல மருத்துவரைப் பார்த்து, கிளினிக்கல் சைக்காலஜிஸ்ட்டிடம் நினைவாற்றல், கவனம் பற்றிய பரிசோதனை செய்து அறிக்கை வாங்குங்கள். கோவை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவில் கேட்டுப் பாருங்கள். ஸ்கேன், ஆபரேஷன் டிஸ்சார்ஜ் சம்மரி எல்லாவற்றையும் அதோடு சேர்த்து, மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் மறுமதிப்பீடு கேளுங்கள். சான்றிதழ் திருப்தியாக இல்லை என்றால் மேல்முறையீடு செய்யவும் சட்டத்தில் இடமுண்டு.

சரி, 40 வந்தால் என்ன கிடைக்கும்? மாதம் 2,000 ரூபாய் பராமரிப்புத் தொகையைப் பலரும் நம்பியிருக்கிறார்கள். கை கால் பாதிப்புக்கு அது 75 சதவீதம் இருந்தால்தான் கிடைக்கும், அதனால் அதை எதிர்பார்க்க வேண்டாம். வருவாய்த் துறை தரும் 1,500 ரூபாய் ஓய்வூதியத்துக்குத் தாலுகா அலுவலகத்தில் மனுக் கொடுங்கள். சாதாரண டவுன் பஸ்ஸில் அவருக்கும் துணைக்குப் போகிறவருக்கும் டிக்கெட் கிடையாது. கைக்கு பிசியோதெரபி, மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வந்து செய்வார்கள். உங்கள் ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயர் கொடுத்தால் போதும். இதற்கு எந்த சதவீதமும் தேவையில்லை.

நீங்கள் எழுதாமல் விட்ட ஒன்று எனக்கு முக்கியமாகப் படுகிறது. அவர் சம்பளத்தில் ஈ.எஸ்.ஐ. (தொழிலாளர்களுக்கான அரசுக் காப்பீடு) பிடித்தார்களா? பழைய சம்பளச் சீட்டைத் தேடிப் பாருங்கள். வேலைக்குப் போகும்போதோ திரும்பும்போதோ நடக்கும் விபத்தும், வேலையோடு தொடர்பு இருந்தால், பணிக்காயமாகவே கருதப்படும். நிரந்தர ஊனம் என்று மருத்துவக் குழு சொன்னால், இழந்த திறனுக்கு ஏற்ப மாதாமாதம் பணம் வரும். ஓய்வூதியத்தைவிட அது பெரிய தொகையாகவே இருக்க வாய்ப்பு அதிகம். மோட்டார் விபத்து நஷ்டஈட்டு வழக்கும் போட்டிருந்தால், வழக்கறிஞரிடம் இரண்டையும் மறைக்காமல் சொல்லுங்கள். ஒரே காயத்துக்கு இரண்டு பக்கமும் வாங்குவதில் சட்டச் சிக்கல் உண்டு.

வலிப்பு மாத்திரை கொடுத்திருந்தால், வலிப்பு வரவில்லையே என்று நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். அவருடைய கோபத்துக்கும் மருந்து உண்டு, மனநல மருத்துவரிடம் அதையும் கேளுங்கள். ராத்திரியில் உங்களுக்கே தாங்க முடியவில்லை என்றால் 14416-க்கு போன் போடுங்கள். டெலி மானஸ் என்ற அரசு மனநல உதவி எண் அது. இலவசம்தான், தமிழிலேயே பேசுவார்கள்.