எத்தனை நாளாக?

மனநலப் பக்கம்: வாசகர் கேள்விகளுக்கு மனநல மருத்துவரின் பதில்கள்

இந்த முறை வந்த கடிதங்களில் தூக்கமின்மை, படபடப்பு, அழுகை, எரிச்சல் என்று என்ன நடக்கிறது என்பதை விவரமாக எழுதியிருக்கிறீர்கள். எப்போது தொடங்கியது என்பதைப் பாதிப் பேர் விட்டுவிட்டீர்கள். எனக்கு முதலில் வேண்டியது அதுதான். என் எதிரே வந்து உட்காருகிறவரிடம் பெயரைக் கேட்ட கையோடு, ஒரு வெள்ளைத் தாளில் குறுக்கே கோடு போடுவேன். வலது ஓரத்தில் ‘இன்று’ என்று எழுதி, தாளை அவர் பக்கம் திருப்பிப் பேனாவைக் கொடுத்துவிடுவேன். “கடைசியாக எப்போது நன்றாக இருந்தீர்கள்? அங்கே ஒரு புள்ளி வையுங்கள்.” தூக்கம் கெடுவது மனச்சோர்விலும் உண்டு, பதற்ற நோயிலும் உண்டு, பேரதிர்ச்சிக்குப் பிறகும் உண்டு. ஒன்றை ஒன்றிலிருந்து பிரித்துக் காட்டுவதில் பாதி வேலையை அந்தக் கோடு செய்துவிடும்.

கேள்வி: எனக்கு 21 வயது. இரண்டு மாதத்தில் நான்கு முறை திடீரென்று நெஞ்சு அடித்துக்கொண்டது. விரல்கள் மரத்துப்போய், மூச்சு கிடைக்காமல், இதோ செத்துவிடப்போகிறேன் என்று தோன்றியது. இரண்டு முறை அவசரப் பிரிவுக்கு ஓடினோம். ஈ.சி.ஜி., ரத்தப் பரிசோதனை எல்லாம் சரியாக இருக்கிறது, ‘ஒன்றுமில்லை’ என்று அனுப்பிவிட்டார்கள். முதல் தடவை பேருந்தில் வந்ததால் இப்போது பேருந்தில் ஏறவே பயமாக இருக்கிறது. ஒன்றுமில்லை என்றால் ஏன் வருகிறது? — கல்லூரி மாணவர்

தம்பி, ‘இதயத்தில் ஒன்றுமில்லை’ என்று சொல்லியிருக்க வேண்டும். அந்த ஒரு சொல் விட்டுப்போனதால் நீங்கள் இரண்டு மாதம் தவித்திருக்கிறீர்கள். உங்களுக்கு வந்தது பேனிக் அட்டாக், தமிழில் பீதித் தாக்கு. தொடங்கிச் சுமார் பத்து நிமிடங்களுக்குள் உச்சத்துக்குப் போகும், பிறகு தானாகவே இறங்கும். புலி துரத்தினால் உடம்பு என்னென்ன செய்யுமோ அத்தனையும் புலி இல்லாமலே நடக்கிறது. அட்ரினலின் சுரக்கிறது, இதயம் வேகமெடுக்கிறது. வேக வேகமாக மூச்சு விடுவதால் ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு குறைகிறது. விரல் மரத்துப்போவதும் தலை கிறுகிறுப்பதும் அதனால்தான். 1986இல் டேவிட் கிளார்க் என்ற உளவியலாளர் இதை ஒரு வட்டமாக விளக்கினார்: நெஞ்சு ஒரு துள்ளு துள்ளுகிறது; ‘மாரடைப்பு’ என்று மனம் அதைப் படிக்கிறது; பயம் கூடுகிறது; நெஞ்சு இன்னும் துள்ளுகிறது.

தாக்கு ஒன்றிரண்டு முறை வந்து போவது பலருக்கும் நடக்கிற விஷயம். அடுத்தது எப்போது வருமோ என்ற பயம் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்தாலோ, அதற்காக நடமாட்டத்தையே மாற்றிக்கொண்டாலோதான் அதைப் பேனிக் டிஸார்டர் என்கிறோம். உங்கள் கடிதத்தில் என்னைக் கவலைப்படுத்தியது நெஞ்சுப் படபடப்பு கிடையாது, அந்தப் பேருந்துதான். ஏறாமல் விட்ட ஒவ்வொரு நாளும் ‘அப்பாடா’ என்று இருந்திருக்கும். ஏறாததால்தான் பிழைத்தோம் என்று அந்த ‘அப்பாடா’ மூளைக்குச் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. இன்று பேருந்து, நாளை வகுப்பறை, பிறகு வீட்டு வாசல்.

சிகிச்சையில் நாங்கள் இதற்கு நேர் எதிராகப் போவோம். அந்த உடல் உணர்வுகளை வேண்டுமென்றே வரவழைப்போம். உங்கள் வயதுப் பெண் ஒருவர், மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்லிய உறிஞ்சு குழாய் வழியாக மட்டும் மூச்சு விட்டார். கடிகாரம் என் கையில். நாற்பதாவது வினாடியில் குழாயை எடுத்துவிட்டு, நெஞ்சில் கை வைத்து, “அதேதான் டாக்டர்… அதேதான்!” என்றார். “சரி, இப்போது ஒன்றும் செய்யாமல் கவனியுங்கள்” என்றேன். தண்ணீர் குடிக்கவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. தானாக இறங்குவதை அவர் பார்த்துக்கொண்டே இருந்தார். அடுத்த வாரம் எனக்கு முன்னால் அவரே குழாயை எடுத்துக்கொண்டார். ஆஸ்துமா, வலிப்பு, இதயநோய் இருப்பவர்கள் இதைத் தாங்களாகச் செய்து பார்க்க வேண்டாம். நீங்களும் அறிவாற்றல் நடத்தை சிகிச்சை (எண்ணத்தையும் நடத்தையையும் மாற்றப் பழக்கும் பேச்சு சிகிச்சை) தெரிந்த ஒருவரிடம் போய்ச் செய்யுங்கள். போவதற்கு முன் தைராய்டு ஒரு முறை பார்த்துவிடுங்கள். தைராய்டு மிகையாகச் சுரந்தாலும் இதே படபடப்பு வரும்.

கேள்வி: எட்டு மாதத்துக்கு முன் என் கணவர் ஒரு சாலை விபத்தில் தப்பினார். உடன் வந்த நண்பர் இறந்துவிட்டார். காயமெல்லாம் ஆறிவிட்டது. ஆனால் காரில் ஏறுவதில்லை. பின்னாலிருந்து கூப்பிட்டால் தூக்கிவாரிப் போடுகிறது. பிள்ளைகள் மேல் எரிந்து விழுகிறார். விபத்தைப் பற்றிக் கேட்டால் எழுந்து போய்விடுகிறார். ‘இவ்வளவு நாளாகியும் மறக்கவில்லையா’ என்று உறவினர்கள் அவரைக் குறை சொல்கிறார்கள். இது டிப்ரஷனா? — ஒரு வாசகி

சகோதரி, தேதியோடு எழுதியதற்கு முதலில் நன்றி. நீங்கள் சொல்கிற எல்லாமே முதல் மாதத்தில் வந்திருந்தால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ள மாட்டேன். சாவை அருகில் பார்த்த யாருக்கும் சில வாரங்கள் அப்படித்தான் இருக்கும். பெரும்பாலோர் மருந்தோ ஆலோசனையோ இல்லாமலே தேறிவிடுவார்கள். ஒரு மாதம் கடந்தும் விடாவிட்டால்தான் பி.டி.எஸ்.டி. — அதிர்ச்சிக்குப் பிந்தைய மன அழுத்தக் கோளாறு — என்று பார்ப்போம். உங்கள் கணவருக்கு எட்டு மாதம். நேரில் பார்க்காமல் நான் பெயர் சூட்டக் கூடாது. ஆனால் இனிமேலும் காத்திருக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன்.

‘மறக்கவில்லையா’ என்று கேட்கிறவர்களுக்காக ஒன்றைச் சொல்கிறேன். அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். விபத்தில் தப்பிய ஒருவர் என் அறைக்கு வந்தபோது கதவுக்குப் பக்கத்து நாற்காலியைச் சுவரோரமாக நகர்த்திப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அமைதியாகத்தான் பேச ஆரம்பித்தார். “மழை பெய்தது. நான் முன்சீட்டில் இருந்தேன். வளைவில் திரும்பினோம்.” அங்கிருந்து, “லாரி வருது… லைட் கண்ணில் அடிக்குது… இவன் பிரேக் போட மாட்டேங்கிறான்…” என்று போனது. அவருடைய வலது கால் தரையை அழுத்திக்கொண்டிருந்தது. ‘திரும்பினோம்’ என்றவர் ‘வருது’ என்கிறார், பாருங்கள். நமக்கு நடந்து முடிந்த ஒன்று, அவர் உடம்புக்கு இன்னும் நடந்துகொண்டிருக்கிறது. மறக்க மறுக்கிறார் என்று அவரை எப்படிச் சொல்வது?

1980இல்தான் இந்த நோய் அமெரிக்க மனநல மருத்துவர்களின் கையேட்டில் இடம்பிடித்தது. வியட்நாம் போரிலிருந்து திரும்பிய வீரர்களின் நிலை அதற்கு ஒரு முக்கியக் காரணம். அப்போது பதற்ற நோய்களோடு சேர்த்து வைத்திருந்தார்கள். 2013இல் வந்த ஐந்தாம் பதிப்பில் தனி அத்தியாயமாகப் பிரித்தார்கள். இதில் பயம் ஒரு பங்குதான். குற்றவுணர்வு, வெட்கம், கோபம், எதிலும் ஒட்டாத மரத்த நிலை ஆகியவையும் சரிபாதியாக இருக்கின்றன. சிறு வயதிலிருந்து தொடர்ந்து வதைபட்டவர்களுக்கு வரும் ‘சிக்கலான பி.டி.எஸ்.டி.’யை, 2022இல் நடைமுறைக்கு வந்த உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியல் தனியாகவே குறிக்கிறது. மனச்சோர்வா என்று கேட்டீர்கள். பலருக்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும். பிள்ளைகள் மேல் விழும் அந்த எரிச்சலுக்கு அடியில், ‘அவன் போய்விட்டான், நான் ஏன் இருக்கிறேன்’ என்ற கேள்வி கிடக்கிறதா என்று நான் தேடுவேன்.

இதற்கு நல்ல சிகிச்சை இருக்கிறது. அதிர்ச்சி நினைவைப் பாதுகாப்பான இடத்தில் கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துப் பேசவைக்கும் முறை ஒன்று. அமெரிக்க உளவியலாளர் ஃபிரான்சின் ஷாபிரோ 1980களின் இறுதியில் உருவாக்கிய, கண் அசைவோடு செய்யும் ஈ.எம்.டி.ஆர். இன்னொன்று. இரண்டுமே பெரும்பாலும் சில மாதங்களில் முடிகிற சிகிச்சைகள். செர்ட்ராலின் போன்ற மருந்துகளும் உதவும். தூக்கத்துக்கென்று அல்பிரசோலம் வகை மாத்திரையைத் தொடர்ந்து போடுவதை மட்டும் தவிர்க்கச் சொல்வேன். மதுவை நாடுகிறாரா என்று கவனியுங்கள். விபத்தைப் பற்றி நீங்களாகக் கிளற வேண்டாம். ‘ராத்திரி தூங்கினீர்களா?’ என்று மட்டும் கேளுங்கள். முகத்துக்கு எதிரே வந்து கூப்பிடும்படி பிள்ளைகளிடம் சொல்லிவையுங்கள். நான் சொன்ன அந்த மனிதர் பதினோராவது சந்திப்பில் முழுக் கதையையும் மறுபடி சொன்னார். “லாரி வந்தது. என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அவன் இறந்துவிட்டான்.” சொல்லிவிட்டு வெகுநேரம் அழுதார். அன்றுதான் அவர் நண்பனுக்காக முதன்முறையாக அழுதார் என்று நினைக்கிறேன்.

கேள்வி: அம்மா போய் நான்கு மாதமாகிறது. தினமும் ஒரு முறையாவது அழுதுவிடுகிறேன். எனக்கு மனநோயா? — ஒரு மகள்

இல்லையம்மா. நான்கு மாதம் மிகக் குறைவு. துக்கம் அலை அலையாக வரும். நடுநடுவே சிரிப்பீர்கள், வேலை பார்ப்பீர்கள், அம்மா சொன்ன ஒன்றை நினைத்துக் கண்ணும் கலங்கும், மனமும் நிறையும். ஓர் ஆண்டு கழிந்தும் நாள் முழுக்க அந்த ஏக்கத்திலேயே வாழ்க்கை நின்றுபோயிருந்தால்தான் ‘நீடித்த துக்கக் கோளாறு’ என்று அமெரிக்கக் கையேடு சொல்கிறது. அதுவும் 2022இல்தான் அதில் சேர்ந்தது. ஆனால் இரண்டு வாரம் விடாமல் எதிலும் பிடிப்பில்லை, ‘நான் எதற்கும் லாயக்கில்லை’ என்ற எண்ணம், தூக்கமும் பசியும் போய்விட்டன என்றால் அது துக்கத்துக்கு மேல் வந்த மனச்சோர்வு. அப்போது வாருங்கள். அதுவரை அழுங்கள்.

கேள்வி: என் தம்பிக்கு 26 வயது. மூன்று மாதம் படுக்கையை விட்டே எழவில்லை. மனச்சோர்வு என்று மாத்திரை கொடுத்தார்கள். மூன்று வாரத்தில் எழுந்துவிட்டான். இப்போது பத்து நாளாக மூன்று மணி நேரம்தான் தூங்குகிறான், களைப்பே இல்லை. ஓயாமல் பேசுகிறான். வேலையை விட்டுவிட்டுக் கடன் வாங்கித் தொழில் தொடங்கப்போகிறானாம். குணமாகிவிட்டான் என்று எல்லோரும் மகிழ்கிறார்கள். எனக்கு மட்டும் ஏதோ உறுத்துகிறது. — ஓர் அக்கா

உங்கள் உறுத்தல் சரி. இந்தப் பக்கத்தை மூடிவிட்டு, மாத்திரை எழுதிக்கொடுத்த மருத்துவரை இன்றே கூப்பிட்டு இந்தப் பத்து நாள் கதையைச் சொல்லுங்கள். மாத்திரையை நிறுத்துவதா, மாற்றுவதா என்பதை அவர் முடிவு செய்யட்டும். ஆனால் அது இன்றே நடக்க வேண்டும்.

தூக்கம் வரவில்லை என்று புலம்புவது வேறு. தூக்கமே தேவைப்படாமல் திரிவது வேறு. இரண்டாவது, மனம் மறுமுனைக்கு ஏறிவிட்டதன் அடையாளம். நான்கு நாள் நீடித்தால் மிதமான எழுச்சி; ஏழு நாளைத் தாண்டி வாழ்க்கையையே புரட்டிப்போட்டால் மேனியா. தாழ்வும் எழுச்சியும் மாறி மாறி வருவதுதான் பைபோலார், இருதுருவ மனநிலைக் கோளாறு. மனச்சோர்வு மாத்திரையை மட்டும் கொடுத்தால் இந்த நோயுள்ள சிலருக்கு அதுவே ஏணியாகிவிடும்.

இதை நான் புத்தகத்திலிருந்து மட்டும் சொல்லவில்லை. தொழிலுக்கு வந்த புதிதில், அழுதுகொண்டு வந்த ஓர் இளைஞனுக்கு மாத்திரை எழுதினேன். முன்பு எப்போதாவது அளவுக்கு மீறிய உற்சாகத்தில் இருந்ததுண்டா என்று நான் கேட்கவே இல்லை. ஐந்தாவது வாரம் அவனுடைய அப்பா தனியாக வந்தார். கையில் ஒரு கட்டு ரசீதுகள்: சேமிப்பெல்லாம் கரைந்திருந்தது. “கல்லூரியில் படிக்கும்போதும் ஒரு தடவை இப்படித்தான் டாக்டர், பத்து நாள்” என்றார். நான் ஒரு கேள்வி கேட்டிருந்தால் முதல் நாளே அது தெரிந்திருக்கும். கோடு போடும் பழக்கம் எனக்கு வந்தது அதற்குப் பிறகுதான்.

சிகிச்சை முடிவாகும் வரை தம்பியின் வங்கி அட்டை, வண்டிச் சாவி இரண்டையும் சண்டை போடாமல் உங்கள் பொறுப்பில் வாங்கிக்கொள்ள முடிகிறதா பாருங்கள். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடவிடாதீர்கள். லித்தியம் என்ற பெயர் உங்கள் காதில் விழலாம். 1949இல் ஆஸ்திரேலிய மருத்துவர் ஜான் கேட் மேனியாவுக்கு அது உதவுவதை எழுதினார்; இன்றும் முதல் வரிசை மருந்துகளில் அது ஒன்று. ரத்தத்தில் அதன் அளவையும், சிறுநீரகம், தைராய்டு இரண்டையும் அவ்வப்போது பரிசோதிக்க வேண்டியிருக்கும். அதற்குச் சோம்பாதீர்கள்.

கேள்வி: எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை தொடங்கி ஐந்து நாளாகிறது. குமட்டல்தான் மிச்சம். பழக்கமாகிவிடும் என்று நண்பர் பயமுறுத்துகிறார். நிறுத்திவிடவா?

நிறுத்தாதீர்கள். குமட்டல் முதல் நாளிலேயே வரும், பலன் இரண்டு முதல் நான்கு வாரம் கழித்துத்தான் தலைகாட்டும். அந்த இடைவெளியில்தான் நிறையப் பேர் மாத்திரையைக் குப்பையில் போடுகிறார்கள். குமட்டல் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் அடங்கிவிடும். இன்னும் இன்னும் வேண்டும் என்று ஏங்கவைக்கும் மருந்து இது கிடையாது. ஆனால் திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றலும் எரிச்சலும் வரும். அதனால் படிப்படியாகத்தான் குறைப்போம். நன்றாகிவிட்டது என்று தோன்றிய பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும். முதல் வாரங்களில் அமைதியின்மையோ உயிரை விடும் எண்ணமோ கூடினால், குறிப்பாக 25 வயதுக்குக் கீழே இருந்தால், அடுத்த சந்திப்புக்குக் காத்திராமல் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: அப்பா இரண்டு மாதமாக யாருடனும் பேசுவதில்லை. நேற்று ‘நான் உங்களுக்கெல்லாம் பாரம்’ என்றார். தற்கொலை எண்ணம் இருக்கிறதா என்று கேட்க நினைக்கிறேன். கேட்டு நாமே அந்த எண்ணத்தை உண்டாக்கிவிடுவோமோ? — ஒரு மகன்

கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் உண்டாகாது. ஏற்கெனவே இருக்கிறவருக்கு, யாராவது கேட்டார்களே என்று நெஞ்சு இளகும். பலர் என்னிடம் அப்படிச் சொல்லியிருக்கிறார்கள். எல்லோரும் இருக்கும்போது வேண்டாம். இன்று இரவு அவர் பக்கத்தில் போய் உட்காருங்கள். சுற்றி வளைக்காமல், “அப்பா, பாரம்னு சொன்னீங்களே, உயிரை விட்டுடலாம்னு தோணுதா?” என்று கேளுங்கள். ஆமாம் என்றால் அதிராதீர்கள், அறிவுரை சொல்லாதீர்கள். “எப்போதிலிருந்து தோணுதுப்பா?” என்று கேட்டுவிட்டு, அவர் சொல்லி முடிக்கும் வரை கேட்டுக்கொண்டிருங்கள். எப்படி என்று யோசித்து வைத்திருக்கிறாரா என்பதையும் கேட்கத்தான் வேண்டும். யோசித்து வைத்திருந்தால் அவரைத் தனியே விடாமல் அன்றிரவே அவசரப் பிரிவுக்கு அழைத்துப்போங்கள். அவ்வளவு தூரம் போகவில்லை என்றாலும், வீட்டில் சேர்ந்து கிடக்கும் மாத்திரைகளையெல்லாம் எடுத்து உங்கள் அறையில் பூட்டி வையுங்கள். நாளை காலை மனநல மருத்துவரிடம் நேரம் வாங்குங்கள். போகும்போது ஒரு வெள்ளைத் தாளில், அப்பா கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்று தேதி போட்டு எடுத்துக்கொண்டு போங்கள்.